டிராக்கர் மாட்டிய டவுன் பஸ்: பலனை எதை வைத்து அளப்பது?

“அண்ணாச்சி, ரெண்டு வண்டிக்கும் மெஷின் மாட்டியாச்சு. வருசா வருசம் பணமும் கட்டுதேன். இதனால எனக்கு என்ன கிடைச்சுதுன்னு எப்படிப் பாக்கது?”

கேட்டவர் திருநெல்வேலிப் பாளையங்கோட்டையில் இரண்டு டவுன் பஸ் வைத்திருக்கும் முதலாளி. அதே மாதத்தில் பெருமாள்புரம் பக்கத்துக் குடியிருப்போர் நலச் சங்கம் ஒன்றிலிருந்தும் கேட்டார்கள். தங்கள் தடத்தில் ஓடும் பேருந்துகளில் கருவி இருக்கிறது, ஆனால் மக்கள் நிற்கும் நேரம் குறைந்ததா இல்லையா, அதை மனுவில் எப்படி எழுதுவது என்று. அப்புறம் அபிஷேகப்பட்டியில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு மாணவி. புராஜெக்டுக்கு இதையே தலைப்பாக எடுத்துவிட்டார், எதை அளப்பது என்றுதான் தெரியவில்லை.

ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் மூவரும் தேடுவது மூன்று வேறு பலன்கள். டிராக்கர் செய்வது ஒரே வேலைதான். வானத்துச் செயற்கைக்கோள்களைக் கொண்டு தான் இருக்கும் இடத்தைக் கணித்து, உள்ளே இருக்கும் சிம் வழியாகச் சில விநாடிக்கு ஒருமுறை அனுப்பிக்கொண்டிருக்கும். வண்டியை ஓர் அடிகூட அது முன்னால் நகர்த்தாது. அந்தத் தகவலை யாராவது பார்த்து ஏதாவது செய்தால்தான் பலன். டிப்போவிலோ பஸ் ஸ்டாண்டிலோ இருப்பவர் பார்த்து, ஒட்டி வரும் இரண்டு வண்டியில் ஒன்றை நிறுத்தி அனுப்பலாம். பயணி போனில் பார்த்து, வீட்டிலிருந்து ஐந்து நிமிடம் தள்ளிக் கிளம்பலாம். முதலாளி பார்த்து, டீசல் எங்கே போகிறது என்று கேட்கலாம். எந்தப் பார்வையின் பலனை அளக்கிறோம் என்று முதலில் முடிவு செய்யாமல் கணக்கில் இறங்கினால், ஒன்றை அளந்து இன்னொன்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

2019 ஜனவரி முதல் புதிதாகப் பதிவாகும் பொதுப் போக்குவரத்து வாகனங்களில் ஏ.ஐ.எஸ். 140 தரத்தில் இருப்பிடக் கருவியும் அவசரப் பொத்தானும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. ஆகவே மாட்டுவதா வேண்டாமா என்பது பலருக்கு முடிந்துபோன பேச்சு. அவசரப் பொத்தானின் பாதுகாப்புப் பலனை நான் இங்கே எடுக்கவில்லை. அதைக் காத்திருப்பு நிமிடங்களோடு சேர்த்து எண்ணக்கூடாது.

## எந்த அளவுகோலில் எடைபோடுகிறேன்

அளக்கும் வழிகள் நடைமுறையில் நான்கு: கருவியின் பதிவையே எடுத்துப் பார்ப்பது, டீசலையும் வசூலையும் பார்ப்பது, நிறுத்தத்தில் நின்று எண்ணுவது, பயணிகளைக் கேட்பது. நான்கையும் செய்ய யாருக்கும் ஆளும் நேரமும் இருக்காது. ஒன்றை, மிஞ்சினால் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒவ்வொன்றிடமும் நான் கேட்பது இவைதான். அது யாருடைய பலனைக் காட்டுகிறது, வண்டியுடையதா, முதலாளியுடையதா, நிற்கிற ஆளுடையதா? வந்த மாற்றம் டிராக்கரால் வந்தது என்று சொல்ல இடம் தருகிறதா? எவ்வளவு உழைப்பு கேட்கிறது, முதலில் கண்ணுக்குத் தெரியாத செலவு என்ன? கடைசியாக, யாரும் பொய் சொல்லாமலே அந்த எண் பொய் சொல்ல முடியுமா? இந்தக் கடைசிக் கேள்வியை நான் மற்றவற்றைவிடக் கனமாக எடுத்துக்கொள்கிறேன். மனுவிலோ டெண்டரிலோ ஒருமுறை ஏறிவிட்ட எண்ணைப் பிறகு இறக்குவது பெரும்பாடு.

## கருவியின் பதிவு

எளிதானது இதுதான். கணினியில் திறந்தால் ஒவ்வொரு நடையும் எத்தனை மணிக்கு ஜங்ஷனை விட்டது, எத்தனை மணிக்கு வண்ணார்பேட்டையைத் தாண்டியது, பாளை பஸ் ஸ்டாண்டுக்குள் எப்போது நுழைந்தது என்று வரிசையாக இருக்கும். டைமிங்கோடு ஒப்பிட்டு, ஐந்து நிமிடத்துக்குள் வந்தவை எத்தனை சதவீதம் என்று போட்டால் அறிக்கை தயார். தனியாக ஆள் வேண்டாம். எல்லா நாளும் எல்லா நடையும் கிடைக்கும், நள்ளிரவு வண்டி உட்பட.

ஆனால் இந்த எண் சறுக்கும் இடங்கள் மூன்று.

ஓடாத வண்டி தாமதமாவதில்லை. ஒரு தடத்தில் நாளைக்கு 40 நடை என்று வைத்துக்கொள்வோம். ஆள் இல்லாமலோ வண்டி பழுதாகியோ 6 டிரிப் கட். ஓடிய 34-இல் 30 நேரத்துக்கு வந்தன. பதிவைக் கேட்டால் 88 சதவீதம் என்று சொல்லும். நிறுத்தத்தில் நிற்பவரைக் கேட்டால் 40-க்கு 30, அதாவது 75. கட்டாகும் டிரிப் கூடக் கூட மீதி வண்டிகளுக்கு நேரம் தாராளமாகக் கிடைத்து, சதவீதம் ஏறவும் செய்யலாம். எனவே வகுக்கும் எண் அட்டவணையிலிருந்துதான் வர வேண்டும், பதிவிலிருந்து வரக்கூடாது.

அடுத்தது வேலி. வரைபடத்தில் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதற்குள் வண்டி நுழைந்தால் ‘வந்துவிட்டது’ என்று குறித்துக்கொள்கிறார்கள். வட்டம் பெரிதாக இருந்தால், ஸ்டாண்டுக்குள் திரும்ப முடியாமல் ரோட்டில் வரிசையில் நிற்கும் வண்டியும் வந்ததாகிவிடும். உள்ளே இருப்பவர்கள் அதில் இறங்கவும் முடியாது, ஏறவும் முடியாது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அந்த வட்டத்தை நேரில் போய்ப் பார்த்து வரைய வேண்டும். அந்த வேலைக்கு ஆகும் இரண்டு மூன்று நாளை யாரும் செலவுக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மூன்றாவது, விட்டுப்போன பதிவு. ஒயர் கழன்ற நாள், சிம் ரீசார்ஜ் முடிந்த வாரம், பேட்டரி இறங்கிய வண்டி. இவை குலுக்கல் முறையில் விழுவதில்லை. பழைய, அடிக்கடி ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் வண்டிகளில்தான் அதிகம் விழும். அவைதான் தாமதமாகும் வண்டிகளும். மோசமான நாட்கள் கணக்கிலிருந்து தானாக நழுவிவிடும்.

மறைமுகச் செலவில் இன்னொன்று: சில சேவைகளில் சில மாதங்களுக்கு முந்தைய பதிவு அழிந்துவிடும், அல்லது எக்செல் கோப்பாக எடுக்கத் தனிக்கட்டணம் கேட்பார்கள். வாங்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஓரிடத்தில் கருவியின் பதிவுக்கு ஈடே இல்லை. பாளையிலிருந்து சீவலப்பேரிக்குப் போகும் வண்டி போல, விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டிய தடங்கள். அங்கே மக்கள் டைமிங் பார்த்துத்தான் நிறுத்தத்துக்கு வருவார்கள். வண்டி 5 நிமிடம் தாமதம் என்றால் 5 நிமிடம் நிற்பார்கள், போய்விடும். இரண்டு நிமிடம் முன்னாலேயே போய்விட்டால்தான் கொடுமை. ஒரு மணி நேர இடைவெளி என்றால் அந்த இரண்டு நிமிடத்தின் விலை ஒரு மணி நேரம். அத்தகைய தடத்தில் தாமதத்தை விட்டுவிட்டு, ‘முன்கூட்டியே போன நடைகள் எத்தனை’ என்பதை மட்டும் எண்ணினாலே டிராக்கரின் பலனில் பெரும்பகுதி வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

## டீசலும் வசூலும்

முதலாளிக்குப் புரியும் மொழி இது: லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய்.

டீசல் பக்கம் நேர்மையான அளவு. ஒரு வண்டி நாளைக்கு 200 கிலோமீட்டர் ஓடுகிறது, லிட்டருக்கு 4.8 கிடைத்துக்கொண்டிருந்தது, இப்போது 5 கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 41.7 லிட்டர் ஆன இடத்தில் 40 போதும். மிச்சம் 1.7 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்றால் நாளைக்கு ஏறத்தாழ 150, மாதத்துக்கு 4,500. கருவியின் விலையையும் வருடாந்தரக் கட்டணத்தையும் இதோடு வைத்துப் பார்க்க யாருடைய உதவியும் வேண்டாம். ஆனால் அந்த 0.2 எங்கிருந்து வந்தது? ஸ்டாண்டில் இன்ஜினை அணைக்காமல் நிற்கும் நேரம் குறைந்ததாலா, வேகத்தை விரட்டுவது குறைந்ததாலா, டேங்கிலிருந்து டீசல் ‘காணாமல்’ போவது நின்றதாலா? அல்லது போன மாதம் இன்ஜெக்டர் மாற்றியதாலா? கடைசிக் காரணம் என்றால் டிராக்கருக்கு அதில் பங்கே இல்லை. ஒர்க்‌ஷாப் நோட்டையும் புது டயர் போட்ட தேதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் டீசல் நோட்டைப் படிக்க வேண்டும்.

வசூல் பக்கம் நம்ம ஊரில் கால் வைத்தால் புதையும். 2021 மே மாதத்திலிருந்து அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த வண்டிகளில் பணத்தை எண்ணினால் பயணிகளில் ஒரு பெரும் பகுதி கணக்கிலேயே வரமாட்டார்கள். வண்டி நேரத்துக்கு வர ஆரம்பித்து, அதனால் இருபது பெண்கள் கூடுதலாக ஏறினாலும் வசூல் பை கனக்காது. அங்கே எண்ண வேண்டியது கட்டணமில்லா டிக்கெட்டையும் சேர்த்து மொத்த டிக்கெட் எண்ணிக்கையை. தனியார் டவுன் பஸ்ஸில் வசூல் இன்னும் ஓரளவுக்குப் பேசும். ஆனால் அங்கேயும் முன்னால் போகும் வண்டி எது என்பதைப் பொறுத்துத்தான் கலெக்‌ஷன். உங்கள் வண்டிக்கு முன்னே ஓடும் அரசுப் பேருந்தின் டைமிங் பத்து நிமிடம் மாறினால் உங்கள் வசூல் மாறும், டிராக்கர் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இந்த வழியின் மறைமுகச் செலவு ரூபாயில் வராது, டிரைவரிடம் வரும். டீசல் கணக்கை மட்டும் காட்டித் திட்ட ஆரம்பித்தால், அவர் நிறுத்தத்தில் முழுதாக நிறுத்தாமல் உருட்டிக்கொண்டே ஆளை ஏற்றுவார். மைலேஜ் கூடும், ஆச்சிகள் விழுவார்கள். டீசல் எண்ணோடு திடீர் பிரேக்கின் எண்ணிக்கையையும் வேக மீறலையும் சேர்த்துப் பார்க்காத முதலாளி பலனில் பாதியை மட்டும் பார்த்துவிட்டு மகிழ்கிறார் என்றே சொல்வேன்.

## நிறுத்தத்தில் நின்று அளப்பது

நான் அதிகம் நம்புவது இதைத்தான். காரணத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஜங்ஷனிலிருந்து வண்ணார்பேட்டை வழியாகப் பாளைக்குப் போகும் தடம் போன்றவற்றில் யாரும் டைமிங் பார்த்து வருவதில்லை. அடுத்தடுத்து வண்டி உண்டு என்ற நம்பிக்கையில் வந்து நிற்கிறோம். அங்கே நம் காத்திருப்பைத் தீர்மானிப்பது தாமதம் அல்ல, இடைவெளி.

10 நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று வைத்துக்கொள்வோம். சரியாக ஓடினால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். இப்போது அதே எண்ணிக்கை வண்டிகள் இரண்டிரண்டாக ஒட்டி வருகின்றன: ஒரு வண்டி, 2 நிமிடத்தில் அடுத்தது, பிறகு 18 நிமிடம் வெறுமை. சராசரி இடைவெளி இப்போதும் 10தான். ஆனால் காத்திருப்பு 5 அல்ல. எந்த நேரத்தில் நீங்கள் வந்தாலும் 20-க்கு 18 வாய்ப்பு அந்த நீண்ட இடைவெளிக்குள் மாட்டிக்கொள்ள. அதில் மாட்டினால் சராசரி 9 நிமிடம், குறுகியதில் வந்தால் 1 நிமிடம். இரண்டையும் சேர்த்தால் 8.2 நிமிடம். ஒரு வண்டி குறையவில்லை, ஒரு சொட்டு டீசல் கூடவில்லை, வசூலும் ஏறக்குறைய அதேதான். நிற்கிறவருக்கு மட்டும் மூன்று நிமிடத்துக்கு மேல் போயிற்று.

வண்டிகள் ஏன் ஒட்டிக்கொள்கின்றன என்பது தெருவில் நின்று பார்க்கும் எவருக்கும் தெரியும். ஒன்று கொஞ்சம் தாமதமானால் அடுத்த நிறுத்தத்தில் அதற்காக அதிகம் பேர் சேர்ந்திருப்பார்கள். அவர்கள் ஏற நேரம் பிடிக்கும், இன்னும் தாமதம். பின்னால் வரும் வண்டிக்கு ஆள் இல்லை, அது விரைந்து வந்து பிடித்துவிடும். தடம் போகப்போக இது மோசமாகும். டிராக்கரைப் பார்க்கும் ஒருவர் இரண்டாவது வண்டியைப் பாளை ஸ்டாண்டில் நான்கைந்து நிமிடம் பிடித்து வைத்து, இடைவெளியை 7, 13 என்று ஆக்கினாலே காத்திருப்பு 5.45-க்கு இறங்கிவிடும். கிட்டத்தட்ட 2.75 நிமிட மிச்சம். நாளைக்கு 500 பேர் அந்த நிறுத்தத்தில் ஏறினால் 1,375 நிமிடம், அதாவது 23 மணி நேரம். நகரப் பேருந்தில் டிராக்கர் தரக்கூடிய பெரிய பலன் இதுதான். மேலே சொன்ன டீசல், வசூல் கணக்கு இரண்டுக்கும் இது கண்ணிலேயே படாது.

நேரம் தவறாமையின் சதவீதமும் இங்கே வழிதவறும். எல்லா வண்டியும் சீராக 8 நிமிடம் தாமதமாக வந்தால் பதிவு 0 சதவீதம் என்று சொல்லும். பயணியோ 5 நிமிடம்தான் நின்றிருப்பார். மாறாக, ஒன்று விட்டு ஒன்று 5 நிமிடம் தாமதம் என்றால் பதிவு 100 சதவீதம் காட்டும், இடைவெளிகள் 15, 5 என்று விழும், பயணி 6.25 நிமிடம் நிற்பார். இதனால்தான் லண்டனில் மணிக்கு 5 அல்லது அதற்கு மேல் வண்டி ஓடும் தடங்களை நேரம் தவறாமையால் மதிப்பிடுவதில்லை. அட்டவணைப்படி நிற்க வேண்டியதைவிட எத்தனை நிமிடம் கூடுதலாக நின்றார்கள் என்று பார்க்கிறார்கள். அதற்குக் குறைவாக ஓடும் தடங்களுக்கு மட்டும் நேரம் தவறாமை.

எப்படிச் செய்வது? நோட்டு, பேனா, கைக்கடிகாரம். தடத்தின் தொடக்கத்தில் நிற்காதீர்கள், அங்கே இடைவெளி இன்னும் கெடவில்லை. நடுவிலோ அதற்குப் பிறகோ நில்லுங்கள். சமாதானபுரம் போல ஓரிடம். காலை 8 முதல் 10 வரை, செவ்வாய் புதன் வியாழன், மூன்று வாரம். இரண்டு பேர் என்றால் மொத்தம் 36 மணி நேர உழைப்பு. ஒவ்வொரு வண்டி வந்த நிமிடத்தையும் எழுதுங்கள், வண்டி நின்றதா நிற்காமல் போனதா என்றும் எழுதுங்கள். கூட்டத்தால் நிற்காமல் போன வண்டி கருவியின் பதிவில் வந்த வண்டிதான், நிற்கிறவருக்கு வராத வண்டி. பிறகு ஒவ்வொரு இடைவெளியையும் அதனாலேயே பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த நேரத்தின் இருமடங்கால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு வந்துவிடும்.

செலவு இல்லாமல் இல்லை. நோட்டோடு நிற்கும் ஆளைப் பார்த்தால் செக்கர் என்று நினைத்து முதல் இரண்டு நாள் எல்லா வண்டியும் ஒழுங்காக நிற்கும். நான் இரண்டு மாணவர்களோடு ஒரு வாரம் இப்படி நின்றபோது, டீக்கடை பெஞ்சுக்கு மாறிய பிறகுதான் வழக்கமான காட்சி திரும்பியது. முதல் இரண்டு நாள் கணக்கைக் கழித்துவிடுங்கள். இன்னொரு குறை, இது பகலின் ஒரு துண்டைத்தான் பார்க்கிறது. இரவு 9 மணிக்கு ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறவரின் கதை இதில் இல்லை. அந்த நேரத்துக்குக் கருவியின் பதிவிலிருந்து இதே இடைவெளிக் கணக்கைப் போடலாம். அதாவது பதிவு தப்பில்லை, அதிலிருந்து எந்த எண்ணை எடுக்கிறோம் என்பதில்தான் விஷயம்.

## பயணிகளைக் கேட்பது

“பஸ் ஒழுங்கா வருதா?” என்று கேட்டால், கடைசியாக ஏறிய பஸ்ஸைப் பற்றிய பதில் வரும். நின்ற நேரத்தையும் எல்லோரும் கூட்டித்தான் சொல்வோம். வெயிலில் 7 நிமிடம் 15 ஆகிவிடும். அதனால் கருத்தைக் கேட்காதீர்கள். “எப்ப வந்தீங்க?” என்று மட்டும் கேட்டு, நீங்கள் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அவர் ஏறும் நிமிடத்தையும் எழுதுங்கள்.

பிறகு எதற்குக் கேட்பது, நின்று பார்த்தாலே போதாதா? போதாது. நம்ம ஊரில் ஒரு முக்கியமான காரணம் இருக்கிறது. தனியார் டவுன் பஸ்ஸும் அரசுப் பேருந்தும் ஒரே தடத்தில் ஓடுகின்றன. கட்டணமில்லாப் பேருந்துக்காக நிற்கும் பெண்கள் தனியார் வண்டிகளைக் கண்முன்னே விட்டுவிடுவார்கள். மேலப்பாளையத்தில் பீடி சுற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பும் ஓர் அம்மாவுக்கு 4 நிமிடத்துக்கு ஒரு வண்டி என்பது உண்மையல்ல. அவருக்கான வண்டி அரை மணிக்கு ஒன்றாக இருக்கலாம். எல்லா வண்டியையும் ஒன்றாகச் சேர்த்து இடைவெளி போட்டால் அவர் காத்திருப்பு கணக்கில் மறைந்துபோகும். ஆகவே எந்த வண்டிக்காக நிற்கிறார் என்பதைக் கேட்டே ஆக வேண்டும்.

இன்னொன்று, செயலியின் பலன். சென்னையில் 2022-இல் மாநகரப் பேருந்துகளுக்கு வந்ததுபோல, வண்டி எங்கே வருகிறது என்று போனில் பார்க்க முடிந்தால், வண்டி முன்புபோலவே தாமதமாக வந்தாலும் ஆள் வீட்டில் உட்கார்ந்துவிட்டு வருவார். நிறுத்தத்தில் நிற்கும் நேரம் குறையும். இதை வண்டியைப் பார்த்து அளக்க முடியாது, ஆளைப் பார்த்துத்தான். அப்போது கையில் ஸ்மார்ட்போன் இருந்ததா என்பதையும் குறியுங்கள். பலன் போன் வைத்திருப்பவர்களிடம் நின்றுவிட்டதா, மற்றவர்களுக்கும் எட்டியதா என்பது அந்த ஒரு குறிப்பில் தெரியும். இரண்டு கூட்டத்தையும் கலந்து ஒரே சராசரி போட்டால் கல்லூரி மாணவர்களின் மிச்சம் ஆச்சிகளின் பேரில் எழுதப்பட்டுவிடும்.

செலவு நிறையத்தான். ஒருவரைக் கேட்க ஒரு நிமிடம், ஆனால் கூச்சமில்லாமல் கேட்கத் தெரிந்த ஆள் வேண்டும், பெண்களிடம் கேட்கப் பெண்கள் வேண்டும். நூறு பேருக்குக் குறைவாகக் கேட்டு, அதை இன்னும் போன் உள்ளவர் இல்லாதவர் என்று பிரித்தால் எண்கள் ஆடும்.

## எதோடு ஒப்பிடுவது

எந்த வழியை எடுத்தாலும் ‘முன்பு’ என்று ஒன்று வேண்டும். அளவு தவறாகப் போவது பெரும்பாலும் இங்கேதான்.

மாட்டுவதற்கு முந்தைய மாதத்தையும் பிந்தைய மாதத்தையும் வைத்தால் போதும் என்று தோன்றும். முந்தைய மாதம் 2023 டிசம்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்த வாரங்கள் அதில் இருக்கும். அதற்குப் பிறகு எதை மாட்டியிருந்தாலும் முன்னேற்றம்தான். மே மாதம் பள்ளி விடுமுறை, பாளையில் காலை எட்டரை மணி நெரிசலே இருக்காது. ஜூன் மாதத்தோடு ஒப்பிட்டால் டிராக்கர் வண்டியைக் கெடுத்துவிட்டது போலத் தெரியும். ஆனித் தேரோட்ட நாட்களில் டவுன் ரத வீதிப் பக்கம் வண்டிகள் சுற்றிவிடப்படும். ஜங்ஷன் பேருந்து நிலையத்தை இடித்துக் கட்டிய ஆண்டுகளில் தடங்களின் தொடக்கமும் முடிவுமே மாறியிருந்தன, அந்த ஆண்டுகளின் எண்களை இன்றைக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது.

சரி, ஒரே தடத்தில் சில வண்டிக்கு மாட்டி, சிலவற்றுக்கு மாட்டாமல் பார்க்கலாமா? ஒரே தடத்தில் வண்டிகள் ஒன்றையொன்று பாதிக்கும். மாட்டிய வண்டி சீராக ஓடினால் அதன் பின்னால் வரும் மாட்டாத வண்டிக்கும் இடைவெளி சீராகும். வித்தியாசம் காணாமல் போய், கருவியால் பலனில்லை என்று முடிவாகிவிடும்.

நான் சொல்வது இரண்டு தடங்கள். ஒன்றில் கருவியைப் பயன்படுத்தி வண்டியைப் பிடித்து அனுப்ப ஆரம்பியுங்கள், மற்றதில் இப்போதைக்கு வேண்டாம். இரண்டிலும் முன்னும் பின்னும் அளங்கள். மாட்டிய தடத்தில் காத்திருப்பு 7 நிமிடத்திலிருந்து 5 ஆயிற்று, மாட்டாத தடத்திலும் 7 என்பது 6.2 ஆயிற்று என்றால், டிராக்கருக்கு உரியது 2 அல்ல, 1.2 நிமிடம். இரண்டு தடமும் ஒரே மாதிரி நெரிசலைச் சந்திப்பவையாக இருக்க வேண்டும். வண்ணார்பேட்டையைக் கடக்கும் தடத்துக்கு இணை பேட்டைத் தடம் அல்ல.

ஏற்கெனவே மாட்டிவிட்டீர்கள், முந்தைய கணக்கு கையில் இல்லை என்றால்? கண்டக்டரின் டிக்கெட் மிஷினில் ஒவ்வொரு டிக்கெட்டிலும் நேரமும் ஸ்டேஜும் இருக்கிறது. அந்தப் பழைய பதிவு கிடைத்தால், வண்டி எந்த ஸ்டேஜை எப்போது தாண்டியது என்று ஓரளவு மீட்டெடுக்கலாம். இனிமேல்தான் மாட்டப்போகிறீர்கள் என்றால் இன்னும் நல்லது. கருவியை மாட்டிவிட்டு முதல் நான்கு வாரம் யாருக்கும் திரையைத் திறக்காதீர்கள். பதிவு மட்டும் சேரட்டும், அதுதான் உங்கள் ‘முன்பு’.

## நான்கும் ஒரே பார்வையில்

| வழி | யாருடைய பலன் | உழைப்பு | மறைந்திருக்கும் செலவு | ஏமாற்றும் இடம் |
|---|---|---|---|---|
| கருவியின் பதிவு | வண்டியின் ஒழுங்கு | குறைவு | வட்டம் வரைதல், பழைய பதிவைக் காப்பது | கட்டான டிரிப், விட்டுப்போன நாட்கள் |
| டீசல், வசூல் | முதலாளி | குறைவு | டிரைவர் மீது விழும் அழுத்தம் | ஒர்க்‌ஷாப் வேலை, கட்டணமில்லாப் பயணம் |
| நிறுத்தத்தில் எண்ணுதல் | நிற்கும் பயணி | நடுத்தரம் | முதல் நாட்களின் கணக்கு வீண் | பகலின் ஒரு துண்டு மட்டும் |
| பயணிகளைக் கேட்டல் | எந்தப் பயணி என்பது வரை | அதிகம் | கேட்கத் தெரிந்த ஆட்கள் | ஞாபகத்தில் சொல்லும் நிமிடங்கள் |

## கேட்ட மூவருக்கும்

இரண்டு வண்டி முதலாளிக்கு: நீங்கள் நிறுத்தத்தில் நிற்க வேண்டாம். டீசல் நோட்டு, ஒர்க்‌ஷாப் நோட்டு, கருவி காட்டும் திடீர் பிரேக் எண்ணிக்கை, இந்த மூன்றையும் மூன்று மாதம் ஒரே தாளில் எழுதுங்கள். வசூலை வைத்து முடிவு எடுக்காதீர்கள். டிரைவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், இந்த மூன்று மாதப் பதிவை வைத்து யார் பேட்டாவும் பிடிக்க மாட்டேன் என்று. சொன்னபடி நடந்தால்தான் ஒயர் கழலாமல் இருக்கும்.

நலச் சங்கத்துக்கு: சதவீதம் எதையும் மனுவில் எழுத வேண்டாம். அதற்கு எதிர்ச் சதவீதம் ஒன்று உடனே வந்துவிடும். சமாதானபுரத்தில் மூன்று வாரம் நின்று எழுதிய நிமிடங்களை அப்படியே இணையுங்கள், வந்தும் நிற்காத வண்டிகளைத் தனியாகக் குறித்து. அட்டவணைப்படி நிற்க வேண்டியது இவ்வளவு, நாங்கள் நின்றது இவ்வளவு என்ற ஒற்றை வரி போதும். உங்கள் பகுதியில் அரை மணிக்கு ஒருமுறை மட்டும் வரும் வண்டி இருந்தால் அதற்கு மட்டும் கருவியின் பதிவைக் கேட்டு, முன்கூட்டியே போன நாட்களை எண்ணுங்கள்.

அபிஷேகப்பட்டி மாணவிக்கு: உனக்கு நேரம் இருக்கிறது, கூடப் படிக்கிறவர்களும் இருக்கிறார்கள், அதனால் கடினமானதை எடு. இரண்டு தடம், நிறுத்தத்தில் எண்ணுவது, கூடவே “எப்ப வந்தீங்க, எந்த வண்டிக்கு நிக்கீங்க” என்ற இரண்டே கேள்வி. ஜூலை நடுவிலிருந்து செப்டம்பருக்குள் முடித்துவிடு. பள்ளிகள் ஓடும், தேர் பெரும்பாலும் முடிந்திருக்கும், வடகிழக்குப் பருவமழை வந்திருக்காது. முதல் நாள் போகும்போது நோட்டில் தடத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் வண்டி தனியாரா, கட்டணமில்லா அரசுப் பேருந்தா என்று எழுத ஒரு கட்டம் போட்டுக்கொள்.